அதிகாலை ஊட்டி, செப்டம்பரில் லே: பைக்கில் குளிரைத் தாங்க என்னென்ன வேண்டும்?

கல்லாறு_டு_லே

வணக்கம். ரெண்டு பயணத்துக்குத் தயாராகணும். முதல்ல ஜனவரியில கோயம்புத்தூர்ல இருந்து காலை 4 மணிக்குக் கிளம்பி மேட்டுப்பாளையம், குன்னூர் வழியா ஊட்டி. அப்புறம் செப்டம்பர் கடைசியில மணாலி–லே. வண்டி 350 சிசி, முன்னாடி விண்ட்ஷீல்டு கிடையாது. கையில இருக்கிறது: மெஷ் ரைடிங் ஜாக்கெட் (உள்ளே மாட்டுற ரெயின் லைனரோட), ஜீன்ஸ், சாதாரண லெதர் கிளவுஸ், முழு ஹெல்மெட். குன்னூர் தாண்டினா விரல் மரத்துப்போய் கிளட்ச் பிடிக்கிறதே தெரியாதுன்னு சொல்றாங்க. ஹீட்டட் கிரிப் (கரண்டுல சூடாகுற கைப்பிடி) போட்டுட்டா போதுமா? காசை எதுல முதல்ல போடணும்?

பனிச்சாலை

ஹீட்டட் கிரிப் கடைசியாக வாங்க வேண்டியது. முதல் வேலை காற்றை அடைப்பது. அடுத்தது உடம்புச் சூட்டைப் பிடித்து வைப்பது. வெளியிலிருந்து சூடு கொடுப்பது அதற்கும் பிறகுதான். வரிசையை மாற்றினால் எவ்வளவு செலவழித்தாலும் நடுங்கிக்கொண்டேதான் போக வேண்டும்.

கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக் குளிர்வுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வெளியே 5 டிகிரி, வண்டி 60 கி.மீ. வேகம் என்றால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 2 போலத் தாக்கும். 80இல் மைனஸ் 3. வேகத்தை 40ஆகக் குறைத்தாலும் மைனஸ் 1தான். மெதுவாகப் போனால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் 40 கி.மீ. வேகத்திலேயே பெரும்பாலான சேதம் நடந்துவிடுகிறது. கணவாய் உச்சியில் 0 டிகிரியில் 60 போனால் மைனஸ் 9. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் காற்று நேராகப் படும் தோலுக்கு மட்டுமே. காற்றுப் புகாத ஒரு அடுக்கு வெளியே இருந்தால் நீங்கள் எதிர்கொள்வது வெறும் 5 டிகிரி. அதைச் சுவெட்டரே தாங்கும்.

உங்கள் மெஷ் ஜாக்கெட்டில் உள்ள சிக்கலும் இதுதான். ரெயின் லைனர் உள்ளே இருப்பதால் குளிர்காற்று மெஷ் வழியாகப் புகுந்து லைனரின் மேலேயே ஓடுகிறது. ஜாக்கெட்டின் துணி, பாதுகாப்புப் பட்டைகள் எல்லாமே குளிர்ந்து கிடக்கும், சூடு பிடிக்க அவை உதவாது. லைனரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு அளவு பெரிய மழைக்கோட்டை மாட்டுங்கள். பிரதிபலிப்புப் பட்டை வைத்ததாக வாங்குங்கள், இருட்டில் போகிறீர்கள். இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

தேயிலைத்தோட்டம்

பனிச்சாலை சொன்னது சரி. நீலகிரிக்குன்னு ஒரு விஷயம் சேர்க்கணும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரின்னு வெச்சா 12 டிகிரிக்கு மேல இறங்கும். கீழே 19 இருந்தா மேலே 6, 7.

அதுலயும் ஜனவரியில மேகமில்லாத ராத்திரின்னா கணக்கு மாறும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். அதனாலதான் தொட்டபெட்டா உச்சியை விட காந்தல், தலைக்குந்தா மாதிரி பள்ளமான இடங்கள்ல உறைபனி முதல்ல விழுது. உயரம் ஏற ஏறத்தான் குளிரும்னு நினைச்சுப் போனா கேத்தி பக்கம் பள்ளத்துல திடீர்னு முகத்துல அடிக்கும்.

இன்னொண்ணு, பெரும்பாலும் எல்லாரும் கெடுத்துக்கிற இடம்: கோயம்புத்தூர்லயே எல்லா அடுக்கையும் போட்டுக்கிட்டுக் கிளம்பாதீங்க. கல்லாறு வர்றதுக்குள்ள உள்பனியன் வேர்வையில நனைஞ்சிடும். தண்ணி, காற்றை விட 20 மடங்குக்கும் மேல வெப்பத்தைக் கடத்தும். நனைஞ்ச பனியனோட குன்னூர் ஏறினா மேலே எத்தனை போட்டாலும் உள்ளே ஈரம் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கீழே தெர்மலும் ரைடிங் ஜாக்கெட்டும் போதும். பர்லியார் பக்கம் பத்திரமா ஓரம் கட்டி, ஃப்ளீஸையும் மழைக்கோட்டையும் அங்கே மாட்டுங்க. குளிர ஆரம்பிச்ச பிறகு மாட்டினா லேட். போன சூட்டைத் திரும்பக் கொண்டுவர உடம்புக்கு ரொம்ப நேரமாகும்.

டீக்கடையில நிக்கும்போதும் இதே விதி. உள்ளே அடுப்புப் பக்கம் உட்கார்ந்தா வெளி அடுக்கு ரெண்டையும் கழற்றிடணும்.

நூல்கண்டு

அடுக்குகளைப் பற்றி விளக்கமாக:

தோலோடு ஒட்டுவது. பருத்தி வேண்டவே வேண்டாம். அது வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயாது. பாலியெஸ்டர் தெர்மல் மலிவு, சீக்கிரம் காயும், இரண்டாம் நாளே நாறும். மெரினோ கம்பளி விலை அதிகம், ஆனால் ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும், பல நாள் துவைக்காமல் போடலாம். ஊட்டிக்குப் பாலியெஸ்டர் போதும். லே பயணத்துக்கு ஒரு ஜோடி மெரினோ வாங்குவது நல்ல செலவு. பிடிப்பாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருக்கக் கூடாது.

நடு அடுக்கு ஃப்ளீஸ் அல்லது பஞ்சடைத்த மெல்லிய பஃபர் ஜாக்கெட். பஃபரில் சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான். அதன் மேல் இறுக்கமான ஜாக்கெட்டைப் போட்டு நசுக்கினால் காற்று வெளியேறிவிடும், பஃபர் வெறும் துணி ஆகிவிடும். ரைடிங் ஜாக்கெட் வாங்கும்போதே உள்ளே ஃப்ளீஸ் போட்டு அளவு பாருங்கள்.

கழுத்து. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும், காற்று நெஞ்சுக்குள் இறங்கும். மப்ளர் வேண்டாம், அவிழ்ந்து பறக்கும், சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் உயிருக்கு ஆபத்து. குழாய் போன்ற கழுத்துத் துணி அல்லது தலையையும் முகத்தையும் மூடித் தோள் வரை இறங்கும் பாலகிளாவா. கீழ்முனை ஜாக்கெட் காலருக்கு உள்ளே போக வேண்டும்.

இடுப்பிலும் அதே. குனிந்து உட்காரும்போது ஜாக்கெட் பின்னால் ஏறும். தெர்மலைப் பேண்ட்டுக்குள் செருகுங்கள்.

ஜீன்ஸுக்கு நேராகக் காற்று படுவது முழங்காலிலும் தொடையிலும். உள்ளே தெர்மல், மேலே மழைப் பேண்ட். முழங்கால் விறைத்தால் பிரேக் மிதிக்கும் கால் மந்தமாகும்.

புல்லட்பாண்டி

அவசரத்துக்கு ஒரு கைவைத்தியம்: நாலு தாள் நியூஸ்பேப்பரை விரிச்சு ஜாக்கெட்டுக்கும் ஃப்ளீஸுக்கும் நடுவுல நெஞ்சுல வெச்சு ஜிப் போடுங்க. காற்று நிக்கும். மழை வந்தா கூழாயிடும், அதனால ஊட்டிக்கு மட்டும்.

பனிச்சாலை

கைக்கு வருகிறேன். பலரும் இதைத் தனிப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றக் கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். விரலுக்குச் சூடான ரத்தமே வராதபோது எவ்வளவு தடிமனான கையுறையும் எதையும் காக்க முடியாது, ஏனென்றால் கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. அதனால்தான் உடம்பை மூடியவுடன் விரல் பிரச்சினை பாதி குறையும். நெஞ்சுக்கு ஒரு ஹீட்டட் வெஸ்ட் போட்டாலும் விரலில் மாற்றம் தெரியும்.

கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. உங்கள் லெதர் கிளவுஸுக்குள் இன்னொரு கிளவுஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து முன்பை விடச் சீக்கிரம் மரத்துப்போகும். விரல் நுனியில் சிறிது இடம் விட்ட குளிர்காலக் கையுறை, உள்ளே மெல்லிய பட்டு அல்லது பாலியெஸ்டர் லைனர். அது இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரில் கையுறையை உள்ளே போடுங்கள். தடிமனே இல்லை, காற்றை முழுதாக நிறுத்தும். வேர்க்கும், எனவே நிற்கும் இடத்தில் எல்லாம் கழற்றிக் காய வைக்க வேண்டும்.

அடுத்து ஹேண்ட்கார்டு. மூடிய பிளாஸ்டிக் கார்டு விரல் முட்டியில் நேராக அடிக்கும் காற்றை விலக்கும். ஹீட்டட் கிரிப்பை விட இது முதலில்.

சக்கரவாகம்

ஹேண்ட்கார்டு சரி, ஆனா ஹேண்டில்பார்ல மாட்டுற துணி உறை (மஃப்) பத்தி யாரும் சொல்லலையே? சூட்டுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. உள்ளே மெல்லிசு கிளவுஸ் போதும், லீவர் நல்லா தெரியும்.

ஒயரிங்மணி

மஃப் நல்லதுதான், ஒரு நிபந்தனையோட. உள்ளே கடினமான கார்டு இல்லாம வெறும் துணி உறை மட்டும் மாட்டினா, 60, 70 வேகத்துல காற்று அதை அமுக்கி முன் பிரேக் லீவர்ல சாய்க்கும். பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பிரேக் லேசா உரசிச் சூடாகும். ஹேண்ட்கார்டு கம்பி மேல உறையை மாட்டினா இந்தத் தொல்லை இல்லை. இண்டிகேட்டர், ஹாரன் சுவிட்சு எங்கேன்னு கண்ணால பார்க்க முடியாது, அதனால நின்ன வண்டியில கையை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பழகிட்டுத்தான் சாலைக்குப் போகணும். மலைப்பாதையில கையைச் சட்டுனு எடுக்க முடியணும்.

கல்லாறு_டு_லே

ரொம்ப நன்றி. கிளவுஸ் கஃப் (மணிக்கட்டை மூடுற பகுதி) ஜாக்கெட் கைக்கு உள்ளேயா வெளியேயா? ரெண்டு விதமாவும் சொல்றாங்க.

பனிச்சாலை

மழை இருந்தால் உள்ளே. முன்கை சரிந்திருப்பதால் தண்ணீர் தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடும், கஃப் வெளியே இருந்தால் நேராகக் கையுறைக்குள் இறங்கும். மழையில்லாத குளிருக்கு வெளியே, ஜாக்கெட் கையை மூடும்படி.

சக்கரவாகம்

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. உயரமான, அகலமான ஹேண்டில்பார்ல உட்காரும்போது சில பேருக்கு மணிக்கட்டு முழங்கையை விட உயரமாவோ சமமாவோ இருக்கும். அப்போ தண்ணி மறுபக்கம் ஓடும், முழங்கை வரைக்கும் நனையும். வண்டியில உட்கார்ந்து, யாரையாவது கையுறை மேல ஒரு குவளை தண்ணி ஊத்தச் சொல்லிப் பாருங்க, எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சிடும்.

பனிச்சாலை

ஒப்புக்கொள்கிறேன். உட்காரும் விதத்தைப் பொறுத்ததுதான்.

ஒயரிங்மணி

இப்போ ஹீட்டட் கிரிப். லே போறதா இருந்தா போடலாம், ஆனா முதல்ல கரண்ட் கணக்கு. வண்டி மேனுவல்ல ஆல்டர்னேட்டர் எத்தனை வாட்டுன்னு பாருங்க. உதாரணத்துக்கு 200 வாட்டுன்னு வெச்சுக்குங்க. ஹாலோஜன் ஹெட்லைட் 55, ஃப்யூயல் பம்ப்பும் இன்ஜெக்ஷனும் இக்னிஷனும் சேர்ந்து 60 பக்கம், டெயில் லைட், மீட்டர் 10, பேட்டரி சார்ஜுக்கு 20. மிச்சம் 55. கிரிப் ஜோடி 36 வாட் ஏற்கும். அதோட 60 வாட் வெஸ்ட்டும் போட்டா தாங்காது. இன்னொண்ணு, அந்த 200 வாட் இன்ஜின் நல்லா சுத்தும்போதுதான். ஐடிலிங்ல ரொம்பக் குறைவு. டிராஃபிக்ல நின்னுக்கிட்டு கிரிப்பை முழுச் சூட்டுல வெச்சா பேட்டரிதான் கரையும்.

ஒரு சின்ன வோல்ட்மீட்டர் மாட்டுங்க. ஓடும்போது எல்லா லோடும் போட்டு 13.5க்கு மேல இருந்தா நல்லது. 12.8க்குக் கீழே இறங்கினா சார்ஜ் ஆகலை, கிரிப்பைக் குறைக்கணும்.

வயரிங்: பேட்டரி பிளஸ்ல இருந்து 15 செ.மீ.க்குள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ். (36 வாட்டுக்கு 3 ஆம்பியர் சொச்சம் ஓடும், 10 ஆம்பியர் ஃபியூஸ் அதுக்குத் தேவையில்லாமப் பெரிசு.) ஃபியூஸ்ல இருந்து 1 சதுர மி.மீ. ஒயர் ரிலேயோட (சின்னக் கரண்டால பெரிய கரண்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்சு) 30ஆம் நம்பர் முனைக்கு. 87ல இருந்து கிரிப்புக்கு. 86க்குப் பார்க்கிங் லைட் ஒயர்ல இருந்து ஒரு கிளை, 85 பாடி எர்த். இப்படிச் செஞ்சா சாவியை அணைச்சதும் கிரிப்பும் அணையும். ரிலே இல்லாம நேரா பேட்டரியில கொடுத்தா ராத்திரி முழுக்க மறந்து எரிஞ்சு, காலைல சர்ச்சுவுல (மணாலி–லே வழியில ராத்திரி தங்குற இடம்) வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி நேரா லோடு எடுக்கவே கூடாது.

வாங்கும்போது மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. 12 வோல்ட், 18 வாட் எலிமெண்ட்னா 8 ஓம்ஸ் காட்டணும். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். மலிவான செட்டுல "லோ" போட்டா ரெண்டு கிரிப்பையும் வரிசையா இணைக்கிறாங்க, அப்போ 16 ஓம்ஸ், மொத்தம் 9 வாட் மட்டும். முழுச் சூட்டுல கால்பங்கு. நடுவுல படியே இல்லை. அஞ்சு படி எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் உள்ளதுக்குக் கூடக் கொடுக்கலாம்.

ஆக்சிலேட்டர் பக்க ஒயர்தான் எப்பவும் அறுபடுற இடம், ஏன்னா ஒவ்வொரு முறுக்குக்கும் அது வளையுது. கிரிப்பு அடியில ஒரு முழு வளையம் தளர்வா விட்டு, கேபிள் டையை அதுக்கு அப்பால போடுங்க. மாட்டினதும் ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி ரெண்டுலயும் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கி விடுங்க. சட்டுனு தானா திரும்பணும். ஒயர் இழுத்து ஆக்சிலேட்டர் நின்னுட்டா கொண்டை ஊசி வளைவுல என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

நூல்கண்டு

பேட்டரியோடு வரும் ஹீட்டட் கையுறைகளைப் பற்றி: ஒவ்வொரு கையிலும் 7.4 வோல்ட், 2200 மில்லிஆம்பியர் மணி என்றால் 16 வாட் மணி. 7 வாட் எடுத்தால் இரண்டே கால் மணி நேரம். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும், அதற்கும் கீழேதான் கிடைக்கும். இரவில் பேட்டரியை ஸ்லீப்பிங் பேகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல் கெட்டுவிடும். விமானத்தில் திரும்புவதாக இருந்தால் தனி பேட்டரிகள் கைப்பையில்தான்.

இரும்புத்தூள் வெப்பப் பைகள் ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் சூடாகும். ஷூவுக்குள் காற்று குறைவு, 5,300 மீட்டரில் காற்றழுத்தமே கடல்மட்டத்தில் பாதிதான். கைக்கு வாங்கியதைக் காலில் வைத்தால் வேலை செய்யாதது இதனால்தான். காலுக்கென்றே தயாரித்ததை வாங்கி, சாக்ஸுக்கு மேலே வையுங்கள், தோலில் நேராக வேண்டாம். மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

மருந்துப்பெட்டி

லே வழியில் குளிரை வெறும் அசௌகரியமாக எண்ணக் கூடாது. கணவாய்களில் பாரலாச்சா லா 4,890 மீட்டர், தங்லங் லா 5,300 மீட்டருக்கு மேல், நடுவில் சர்ச்சு 4,300 பக்கம். செப்டம்பர் கடைசியில் சர்ச்சுவில் இரவு 0 டிகிரிக்குக் கீழே போவது வழக்கம்தான்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. ஓட்டுபவருக்கு முதலில் கெடுவது நிதானம். இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, கியர் குழப்பம், தேவையில்லாத எரிச்சல், பேச்சு குழறல். நடுக்கம் வந்தவுடனே நிறுத்த வேண்டும். சூடேறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று பொருள், அவரை மறுபடி வண்டியில் ஏற்றக் கூடாது.

பின்னால் உட்காருபவர் கையைக் காலை அசைப்பதில்லை, அதனால் ஓட்டுபவருக்கு முன்பே குளிர்ந்துபோவார். "சரியா இருக்கா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். அடுத்த ஊர் எது, என்ன சாப்பிடலாம் என்று வாக்கியமாகப் பதில் வரும்படி கேளுங்கள். நாக்கு குழறினால் உங்களுக்குத் தெரியும்.

விரல் நுனி வெளுத்து உணர்விழந்தால் தேய்க்காதீர்கள், பனியையும் தடவாதீர்கள். அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். இறங்கிய இடத்தில் 37 முதல் 39 டிகிரி வெந்நீர். வெந்நீரின் சூட்டை வேறு ஒருவர் பார்க்க வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால், நிரந்தரமாகச் சூடான இடத்துக்குப் போகும்வரை உருக்க வேண்டாம்.

மது குடித்தால் சூடு ஏறுவதாகத் தோன்றும், உண்மையில் தோலின் ரத்தக்குழாய் விரிந்து உள்சூடு வெளியேறுகிறது. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வெந்நீர் போதும். நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.

மிக முக்கியம்: கூடாரத்துக்குள் கரி அடுப்போ ஸ்டவ்வோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

புல்லட்பாண்டி

டயர் பத்தி ஒரு கேள்வி. குளிர்ல காற்று இறங்கும்னு மேலே போய் அடிக்கணுமா?

ஒயரிங்மணி

வேண்டாம், இங்கே பலர் பாதிக் கணக்கோட நிறுத்திடறாங்க. கீழே 30 டிகிரியில 32 பிஎஸ்ஐ அடிச்சீங்கன்னா 8 டிகிரிக்கு மூணரை இறங்கும், சரி. ஆனா ஊட்டியில வெளிக்காற்றழுத்தமும் மூணு பிஎஸ்ஐ பக்கம் குறைவு, கேஜ் அதை வெச்சுத்தான் காட்டும். ரெண்டும் கழிஞ்சு மறுபடி 32 பக்கமே வரும். தங்லங் லாவுல 0 டிகிரின்னா 34 காட்டும். மேலே காற்று அடிச்சுட்டு இறங்கினாதான் தப்பாகும். தங்குற இடத்துல காலைல டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வெச்சுப் பார்த்தா போதும்.

அதை விட, டயர் சூடாகுற வரைக்கும் பிடிப்பு குறைவு. முதல் பத்து கிலோமீட்டர் சாய்க்காதீங்க. பாலம், சிறுபாலம் மேல, மரநிழல்ல, ஓடை குறுக்கே வழியுற இடத்துல தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கும். அங்கே பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலேட்டரும் வேண்டாம், நேரா உருட்டிப் போங்க.

கல்லாறு_டு_லே

ஹெல்மெட் வைசர் மூச்சுல மங்குது. கண்ணாடியும் போடுவேன்.

தேயிலைத்தோட்டம்

வைசர்ல ரெண்டு பின் இருந்தா பின்லாக் ஷீட் (வைசர் உள்பக்கம் மாட்டுற, மங்காம தடுக்கிற ஷீட்) மாட்டுங்க. சுத்தியிருக்கிற சிலிகான் விளிம்பு வைசரோட முழுசா ஒட்டணும். ஒட்டலைன்னா பின்னைக் கொஞ்சம் திருப்பினா இறுகும். மூக்குக்குக் கீழே மூச்சுத் தடுப்பு இருந்தா மூச்சு கீழே போகும், மூக்குக்கண்ணாடிக்கு உதவுறது அதுதான். பாலகிளாவாவை மூக்கு மேல இழுத்து மூடாதீங்க, மூச்சு நேரா கண்ணாடிக்கு ஏறும். பின்லாக் இல்லைன்னா ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பைத் தடவி, காய்ஞ்சதும் மென்மையான துணியால மெருகேத்துங்க. அன்னைக்குக் காலைக்கு மட்டும் தாங்கும்.

பனிச்சாலை

வாங்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். ஊட்டிக்கு: மழைக்கோட்டும் பேண்ட்டும், தெர்மல் ஜோடி, கழுத்துத் துணி, ஒரு அளவு தளர்வான குளிர்காலக் கையுறை, ஃப்ளீஸ். லேவுக்கு அதன்மேல்: ஹேண்ட்கார்டு, தண்ணீர் புகாத பூட்ஸ் (தடித்த கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போட்டு விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும்), மெரினோ, பிறகு ஹீட்டட் கிரிப்.

கல்லாறு_டு_லே

எல்லாத்துக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு, ஹீட்டட் கிரிப் போட்டவங்க எல்லாரும் இடது பக்கம் சூடு கம்மின்னு சொல்றாங்களே, அது பழுதா?

ஒயரிங்மணி

பழுது இல்லை. வலது பக்கம் கிரிப்புக்கு அடியில பிளாஸ்டிக் த்ராட்டில் குழாய் இருக்கு, சூடு உள்ளே போகாது. இடது கிரிப் நேரா இரும்புக் கம்பி மேல உட்காருது, கம்பி சூட்டை இழுத்துக் காற்றுல விட்டுடும். மாட்டுறதுக்கு முன்னாடி இடது பக்கக் கம்பியில ஒரு சுற்று ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏத்திச் சூடு காட்டுங்க. கிரிப் இறுக்கமாகி ஏறலைன்னா கிரிப்பை வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் வெச்சு ஏத்துங்க, ஒயர் முனை நனையக் கூடாது. பசை போட்ட பிறகு ஒரு ராத்திரி காய விடுங்க.